லிப்ஸ்டிக் குழாயும் பரீட்சை அட்டையும்

கம்பியும் காந்தமும் – 9

போன வாரம் கிட்டார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டரைக் கலிஃபோர்னியாவில், ஃபுல்லர்டன் பட்டறையில் விட்டுவிட்டு வந்தோம். வருடம் 1954. அவருடைய ஸ்ட்ராட்டோகாஸ்டர் மின் கிட்டார் பிறந்துவிட்டது. விலை 249 டாலர் 50 சென்ட். அதற்கு இரண்டு வருடம் முன்பே கிப்சன் கம்பெனி தன் லெஸ் பால் கிட்டாரை 210 டாலருக்குக் கடைகளில் தொங்கவிட்டிருந்தது.

அன்றைய அமெரிக்காவில் சட்டம் சொன்ன குறைந்தபட்சக் கூலி மணிக்கு 75 சென்ட். ஸ்ட்ராட்டோகாஸ்டர் மேல் ஆசைப்பட்ட கடைப் பையன் ஒருவன் அதற்காக 333 மணி நேரம் உழைக்க வேண்டும். சோறு, வாடகை, பஸ் காசு எதற்கும் கை வைக்காமல் இரண்டு மாதக் கூலி. ஆம்ப்ளிஃபையருக்குத் தனியாக அழ வேண்டும்.

அப்படியானால் அந்தப் பையன் எதை வாசிப்பான் என்று கேட்டு நிறுத்தியிருந்தோம்.

பதில் நாட்டின் எதிர்க்கரையில், நியூ ஜெர்சி மாநிலத்தின் ரெட் பேங்க் என்ற சிற்றூரில் இருந்தது. ஜாஸ் மேதை கவுண்ட் பேஸி பிறந்த ஊர் அது. ஆனால் நம் கதாநாயகருக்கு இசைக்கலைஞர் என்ற பட்டம் பொருந்தாது. அவர் ஒரு ரேடியோ மெக்கானிக் மூளைக்காரர்.

* * *

ஆம்ப்ளிஃபையர்காரர்

நேதன் டேனியல். எல்லோருக்கும் நாட். 1912-இல் நியூயார்க்கில் பிறந்தவர். சிட்டி காலேஜில் சேர்ந்து, பாதியில் விட்டவர். 1930களில் ஆம்ப்ளிஃபையர் கட்ட ஆரம்பித்தார். எபிஃபோன் கம்பெனி தன் மின் கிட்டார்களோடு விற்ற ஆம்ப்ளிஃபையர்களை அவர்தான் செய்துகொடுத்தார். கிட்டாரின் மேல் எபிஃபோன் பெயர் மின்னும். பெட்டிக்குள்ளே நாட் டேனியலின் உழைப்பு இருக்கும். பிறர் பெயரில் பொருள் செய்து தருவது என்ற இந்தப் பழக்கம் அவரைக் கடைசிவரை விடவில்லை.

பிறகு போர் வந்தது. நியூ ஜெர்சியின் ஃபோர்ட் மான்மத் ராணுவ முகாமில் சிக்னல் கோர் படைப்பிரிவுக்கு வேலை. ராணுவ மோட்டார் சைக்கிளின் எஞ்சின் பொறி பக்கத்தில் இருக்கும் ரேடியோவில் கரகரவென்று இரைச்சலாகக் கேட்கும். அந்த இரைச்சலைத் தடுக்கும் உலோகக் கவசத்தை வடிவமைப்பது அவர் பொறுப்பு.

இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மின் இரைச்சலை உலோகத்தால் மூடி அடக்கத் தெரிந்த மனிதர் இவர். இந்த அத்தியாயத்தின் முக்கியமான பொருள் ஓர் உலோக மூடிதான்.

போர் முடிந்து ஓரிரு வருடங்களில், தன் பெயரையும் மின்சாரத்தையும் ஒட்டவைத்து 'டேன்எலக்ட்ரோ' என்று கம்பெனி தொடங்கினார். முதலில் ஆம்ப்ளிஃபையர் மட்டும். வாங்கியவர்கள் பெரிய கைகள்: தபாலில் பொருள் விற்கும் சியர்ஸும், மான்ட்கோமரி வார்டும். சியர்ஸ் அவற்றைத் தன் 'சில்வர்டோன்' முத்திரையோடு விற்றது.

1954-இல் ஒரு திருப்பம். ஆம்ப்ளிஃபையர் தருகிறவர் கிட்டாரும் தந்தால் என்ன? ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரை வெளியிட்ட அதே வருடம், நாட் டேனியலும் தன் முதல் மின் கிட்டாரைச் செய்தார்.

ஒருவர் விமானத்தைப் போல ஒன்று செய்தார். மற்றவர் சைக்கிளைப் போல ஒன்று செய்தார்.

* * *

எங்கே காசு போகிறது?

ஒரு கிட்டாரில் காசு எங்கே போகிறது என்று நாட் பார்த்தார். முதலில் மரம். நல்ல மேப்பிள், மஹாகனி. அதை உலர்த்த வேண்டும், இழைக்க வேண்டும், வளைவு செதுக்க வேண்டும், பல பூச்சு வார்னிஷ் அடித்து மெருகேற்ற வேண்டும். எல்லாம் நேரம். நேரம் என்றால் கூலி.

மின் கிட்டாரில் ஒலியைப் பிடிப்பது கம்பிக்கு அடியில் இருக்கும் பிக்கப். காந்தத்தின் மேல் செம்புக் கம்பி சுற்றிய சிறு கருவி. தந்தி அதிர்ந்தால் அதில் மின்சாரம் பிறக்கும். அப்புறம் உடலுக்கு எதற்கு இத்தனை சிங்காரம்?

1956-இல் வந்த அவருடைய யூ வரிசைக் கிட்டார்கள் அந்தக் கேள்விக்கு நேரடியான பதில். உள்ளே மலிவு மரத்தில் ஒரு சட்டம். ஜன்னல் சட்டம் மாதிரி, நடுவில் வெற்றிடம். மேலேயும் கீழேயும் மேசனைட் பலகை.

மேசனைட் என்றால் ஏதோ அமெரிக்க அதிசயம் என்று எண்ண வேண்டாம். நம் வீட்டில் எல்லோருமே அதைக் கையில் பிடித்திருக்கிறோம். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குக் கிளிப் வைத்து எடுத்துப் போனோமே, காப்பி நிற அட்டை, அதுதான். ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் வலைப்பின்னல் தடம். ஹார்டுபோர்டு. மிசிசிப்பி மாநிலத்தின் லாரல் நகரில் வில்லியம் மேசன் என்பவர் 1924-இல் கண்டுபிடித்த பொருள். மரச்சில்லுகளை நீராவியில் வெடிக்கவைத்து, பஞ்சாக்கி, அழுத்தித் தகடாக்குவார்கள். சாப்பிடப் போனவர் நீராவி வால்வை மூட மறந்ததால்தான் அது இறுகிப் பலகையாகிவிட்டது என்று ஒரு கதை உண்டு. அலமாரியின் முதுகுக்கும் போட்டோ ஃபிரேமின் பின்பக்கத்துக்கும் போடும் சரக்கு. அதில் கிட்டார் செய்ய யாருக்குத் தோன்றும்?

அலமாரி முதுகுக்கு ஆகுமென்றால் கிட்டாரின் முகத்துக்கும் ஆகும் என்று நாட் டேனியலுக்குத் தோன்றியது.

இரண்டு பலகைக்கு நடுவே மரச்சட்டம் பக்கவாட்டில் அசிங்கமாகத் தெரியுமே? அங்கே சொரசொரப்பான வினைல் பட்டை ஒன்றைச் சுற்றி ஒட்டினார். புடவைக்கு பார்டர் வைத்த மாதிரி ஆகிவிட்டது. இன்றைக்கு டேன்எலக்ட்ரோ ரசிகர்கள் அந்தப் பட்டையைத் தடவிப் பார்த்துக் கண் கலங்குகிறார்கள். அது ஒட்டுவேலை.

கழுத்துக்கு உள்ளே, திருகி நிமிர்த்தும் கம்பி கிடையாது. அசையாத இரும்புச் சட்டங்களைப் புதைத்துவிட்டார்; இனி வளையாது, எனவே நிமிர்த்தவும் வேண்டாம். தலைப்பக்கம் தந்திகள் தாண்டிவரும் சிறு மேட்டை எலும்பில் செதுக்காமல் அலுமினியத்தில் வைத்தார். கீழே தந்தி உட்காரும் குதிரை ஒரு சின்ன மரத்துண்டு. வேறு கம்பெனிகள் அந்த இடத்தில் ஆறு தந்திக்கு ஆறு திருகு வைத்துக்கொண்டிருந்தன.

* * *

அந்தக் குழாய்

பிக்கப்புக்கு ஒரு கூடு வேண்டும். தனியாக அச்சு செய்து, தகடு அடித்து, முலாம் பூசினால் செலவு.

லிப்ஸ்டிக் வருகிற உலோகக் குழாய் ஏற்கெனவே லட்சக்கணக்கில் தயாராகிக்கொண்டிருந்தது. பளபளப்பாக, முலாம் பூசி, இரண்டு பாதிகளாக, ஒன்றுக்குள் ஒன்று கச்சிதமாகப் பொருந்தும்படி. விலையோ அற்பம்.

ஒரு காந்தப் பட்டையை எடுத்தார். அதன் மேலேயே நேரடியாகச் செம்புக் கம்பியைச் சுற்றினார். மேலே டேப் ஒட்டினார். லிப்ஸ்டிக் குழாய்க்குள் செருகி மூடினார். முடிந்தது.

போர்க்காலத்து மோட்டார் சைக்கிள் கவசம் ஞாபகம் இருக்கிறதா? சுற்றிலும் உலோகம் மூடிய அந்தக் குழாய், வெளி இரைச்சலைத் தடுக்கும் கவசமாகவும் ஆனது. மலிவுக்காக எடுத்த பொருள், ராணுவத்தில் கற்ற பாடத்தையும் சேர்த்துச் செய்தது. இது தற்செயலா, யோசித்துச் செய்ததா என்று என்னைக் கேட்டால், அந்த மனிதருடைய கைக்கு இரண்டும் ஒன்றுதான் என்பேன்.

இதில் இன்னொரு குறும்பு. இரண்டு பிக்கப் உள்ள கிட்டாரில் இரண்டையும் சேர்த்து ஒலிக்க ஒரு நிலை உண்டு. ஃபெண்டரும் கிப்சனும் அவற்றைப் பக்கவாட்டு இணைப்பில் சேர்த்தார்கள். நாட் அவற்றைத் தொடர் இணைப்பில் சேர்த்தார். டார்ச் லைட்டில் பேட்டரியை ஒன்றன்பின் ஒன்றாகப் போடுகிற மாதிரி. ஆகவே, நடு நிலைக்கு மாற்றியதும் ஒலி சட்டென்று கனத்து முன்னால் வரும். தனித்தனியாக ஒலிக்கும்போதோ கண்ணாடி டம்ளரைக் கரண்டியால் தட்டியது போன்ற துல்லியம்.

நான் முதல்முறை இந்தக் கிட்டார் ஒன்றைக் கையில் வாங்கியபோது என் தோள் ஏமாந்துபோனது. கனத்துக்குத் தயாராக இருந்த கை, எடையே இல்லாத பண்டத்தைத் தூக்கியது. விரல் முட்டியால் தட்டினால் கதவு தட்டுகிற சத்தம். பிறகு அதை வாசித்துக்காட்டியவர் நடு நிலைக்கு மாற்றினார். அதற்குப் பிறகு யாரும் எடையைப் பற்றிப் பேசவில்லை.

* * *

பெட்டிக்குள் கச்சேரி

பொருள் செய்தாயிற்று, பையன் கைக்கு எப்படிப் போகும்?

சியர்ஸ் கேட்டலாக் வழியாக. குக்கிராமத்துக் குடியானவன்கூட அஞ்சலில் பணம் அனுப்பி, கோட்டு முதல் கோழிக்கூண்டு வரை வரவழைத்த புத்தகம் அது. தெற்கு மாநிலங்களில் கறுப்பின வாடிக்கையாளரைக் கடைக்காரர் எல்லோருக்கும் கடைசியில் நிறுத்திவைத்த காலம். கேட்டலாக்கில் அந்த அவமானம் இல்லை. தபால் உறைக்கு நிறம் தெரியாது.

சியாட்டிலில் ஒரு சிறுவனின் முதல் மின் கிட்டார் மேடைக்குப் பின்னால் வைத்த இடத்தில் திருடுபோயிற்று. அப்பா இன்னொன்று வாங்கிக்கொடுத்தார். சிவப்பு நிற சில்வர்டோன். செய்தவர் நாட் டேனியல். சிறுவன் பெயர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ்.

1962-இல் நாட் தன் கணக்கின் உச்சத்தைத் தொட்டார். கிட்டார் ஒன்று, அதைத் தூக்கிப்போகப் பெட்டி ஒன்று, ஒலிக்க ஆம்ப்ளிஃபையர் ஒன்று என்று மூன்று பொருள் எதற்கு? பெட்டிக்குள்ளேயே ஆம்ப்ளிஃபையரையும் ஸ்பீக்கரையும் பொருத்திவிட்டார். பெட்டியைத் திற, கிட்டாரை எடு, பெட்டியை நிமிர்த்தி வை, ஒயரைச் செருகு. கச்சேரி ஆரம்பம்.

சில்வர்டோன் 1448 என்பது அதன் எண். ஒரே ஒரு லிப்ஸ்டிக் பிக்கப். கழுத்தில் 18 ஃபிரெட் மட்டும். வீணைக்கு மெட்டு மாதிரி கிட்டாருக்கு ஃபிரெட். மொத்த விலை 67 டாலர் 95 சென்ட். அப்போது குறைந்தபட்சக் கூலி மணிக்கு 1 டாலர் 15 சென்ட் ஆகியிருந்தது. கணக்குப் போடுங்கள்: ஆம்ப்ளிஃபையரும் பெட்டியும் சேர்த்து 59 மணி நேர உழைப்பு.

1964 பிப்ரவரி 9 இரவு, எட் சல்லிவன் நிகழ்ச்சியில் பீட்டில்ஸ் தோன்றினார்கள். ஏழு கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்ததாகக் கணக்கு. மறுநாள் காலையில் அமெரிக்கச் சிறுவர்களுக்குக் கிட்டார் வேண்டியிருந்தது. எத்தனை அப்பாக்கள் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வாங்கித் தருவார்கள்?

* * *

கொம்பு முளைத்தது

சிக்கனக்காரர் என்றதும் கற்பனை வறண்டவர் என்று நினைத்தால் தப்பு. செதுக்கு வேலை இல்லாத தட்டைப் பலகையில் ஒரு வசதி இருக்கிறது: எந்த வடிவத்தில் வேண்டுமானாலும் அறுக்கலாம், கூடுதல் செலவு கிடையாது.

1958-இல் 'லாங்ஹார்ன்' வந்தது. உடலின் இரண்டு பக்கமும் நீண்டு வளைந்த கொம்புகள். தூரத்திலிருந்து பார்த்தால் மாட்டுப் பொங்கலுக்குச் சீவி வர்ணம் பூசிய காளையின் தலை. செம்பு நிறத்திலிருந்து வெளிர் நிறத்துக்கு மங்கிப்போகும் பூச்சு வேறு. அதிலேயே 'கிட்டார்லின்' என்று ஒரு ரகம்: 31 ஃபிரெட். கிட்டாராகத் தொடங்கி, விரல் மேலே போகப்போக மாண்டலின் உயரத்தைத் தொடும். பெயரும் இரண்டையும் பிசைந்ததுதான். கொம்புகள் அத்தனை ஆழமாக வெட்டப்பட்டதற்குக் காரணம் அழகு மட்டும் இல்லை. 31-ஆவது ஃபிரெட்டுக்குக் கை எட்ட வேண்டாமா?

அதற்கும் முன்னாலேயே, 1956-இல், ஆறு தந்தி பேஸ் கிட்டார் ஒன்றைக் கொண்டுவந்தார். சாதாரணக் கிட்டாருக்கு ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். கிட்டாரா, பேஸா என்று வகை சொல்லத் தெரியாத பிறவி. நாஷ்வில் ஒலிப்பதிவுக் கூடங்களில், பெரிய மர பேஸ் வாசிக்கும் அதே ஸ்வரங்களை ஆறு தந்தி பேஸில் ஒலியை அமுக்கி டிக்டிக்கென்று கூடவே வாசித்து, சின்ன ரேடியோவிலும் தாளம் கேட்கும்படி செய்தார்கள். 1968-இல் வந்த 'விச்சிட்டா லைன்மேன்' பாட்டின் நடுவில் தந்திக் கம்பம் முனகுவதைப் போல ஒரு தனிவாசிப்பு வரும். கேரல் கே என்ற பேஸ் கலைஞரிடமிருந்த டேன்எலக்ட்ரோவை வாங்கி, பாடகர் கிளென் கேம்ப்பெல் வாசித்தது அது.

லண்டனில் நடந்தது சிரிப்புக் கதை. 'தி ஹூ' குழுவின் ஜான் எண்ட்விசில் 1965-இல் 'மை ஜெனரேஷன்' பாட்டுக்காக லாங்ஹார்ன் பேஸ் ஒன்றை வாங்கினார். அதன் மெல்லிய தந்திகளில் கிடைத்த கணீரென்ற ஒலி அவருக்குப் பிடித்துப்போயிற்று. தந்தி அறுந்தது. இங்கிலாந்தில் அந்தத் தந்தி தனியாகக் கிடைக்கவில்லை. தந்திக்காக முழுக் கிட்டாரையே மறுபடி வாங்கினார். அதுவும் அறுந்தது. மூன்று லாங்ஹார்ன் வாங்கிய பிறகு கடைக்காரரிடமும் சரக்கு தீர்ந்துவிட, வேறு கிட்டாரில் அந்தப் புகழ்பெற்ற வாசிப்பைப் பதிவுசெய்ததாக எண்ட்விசிலே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

* * *

கடைசி விசித்திரம்

கிட்டார் விற்ற வேகத்தைப் பெரும் கம்பெனிகள் மோப்பம் பிடித்தன. 1965 ஜனவரியில் சிபிஎஸ் ஒலிபரப்பு நிறுவனம் ஃபெண்டரை 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு விழுங்கியது. மறு வருடம் எம்சிஏ என்ற பொழுதுபோக்கு நிறுவனம் டேன்எலக்ட்ரோவை வாங்கியது. ஆலை அதற்குள் ரெட் பேங்கிலிருந்து நெப்டியூன் என்ற ஊருக்கு மாறியிருந்தது. நாட் அங்கேயே வேலையைத் தொடர்ந்தார். இப்போது முதலாளி வேறு.

அந்தக் கடைசிக் காலத்தில்தான் எல்லாவற்றையும் மிஞ்சிய விசித்திரம் பிறந்தது.

பீட்டில்ஸின் ஜார்ஜ் ஹாரிசன் சித்தாரைக் கையில் எடுத்திருந்தார். 1967 ஜூனில் மான்டரே விழாவில் ரவிசங்கர் அமெரிக்க இளைஞர்களைக் கட்டிப்போட்டார். ஒலிப்பதிவுக் கூடங்களுக்குச் சித்தார் ஒலி வேண்டும். ஆனால் சித்தார் வாசிக்கப் பல வருடம் உட்கார்ந்து கற்க வேண்டும். நியூயார்க்கின் கூடங்களில் ஓயாமல் வாசித்துவந்த வின்னி பெல் என்ற கிட்டார் கலைஞர் நாட் டேனியலோடு சேர்ந்து குறுக்குவழி கண்டார். கோரல் எலக்ட்ரிக் சித்தார், 1967.

அதன் ரகசியம் நம்மூர்க்காரர்களுக்கு உடனே புரியும். தம்புராவில் தந்திக்கும் குதிரைக்கும் நடுவே ஒரு நூலைச் செருகி நகர்த்தி ஜீவா சேர்ப்பார்களே, தந்தி உடனே ரீங்காரமிட ஆரம்பிக்கும். தந்தி குதிரையை ஒரு புள்ளியில் தொடாமல் பரப்பில் உரசிக்கொண்டே அதிர்வதால் வரும் சத்தம் அது. கோரல் சித்தாரில் நூலுக்கு வேலையில்லை. தட்டையான அகலக் குதிரை ஒன்றின் மேல் தந்திகள் உரசின. பக்கத்தில் தானாக அதிரும் 13 துணைத்தந்திகள். மற்றபடி வாசிப்பு சாதாரண கிட்டார்தான். ரவிசங்கர் ரசிகர்கள் காதைப் பொத்தியிருக்கலாம். வின்னி பெல் இதை வாசித்த 'கிரீன் டாம்பரின்' 1968 பிப்ரவரியில் அமெரிக்காவின் முதலிடப் பாட்டானது.

அடுத்த வருடம் ஆலை மூடப்பட்டது.

ஏன்? சியர்ஸ் போன்ற பெரிய கைகளுக்கு மொத்தமாகத் தள்ளிய வியாபாரத்தை எம்சிஏ மாற்றியது. சிறு சிறு இசைக்கடைகளுக்கு நேரடியாக விற்கப் பார்த்தது. அந்தக் கடைகளின் சுவரில் டேன்எலக்ட்ரோ ஃபெண்டருக்கும் கிப்சனுக்கும் பக்கத்தில் தொங்க வேண்டும். பரீட்சை அட்டை அங்கே என்ன பதில் சொல்லும்? மலிவு பிரிவிலோ ஜப்பானியக் கிட்டார்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கிக்கொண்டிருந்தன. இரண்டு பக்கமும் அணை போட்டாயிற்று.

1969. நெப்டியூன் ஆலைக்குப் பூட்டு.

* * *

பரணிலிருந்து

மலிவுப் பொருளுக்கு ஒரு சாபம் உண்டு: யாரும் பாதுகாக்க மாட்டார்கள். டேன்எலக்ட்ரோக்கள் பரணுக்கும் அடகுக்கடைக்கும் போயின. அதே காரணத்தால் காசில்லாத அடுத்த தலைமுறைக் கைகளுக்கும் போயின.

1975 மே மாதம். லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் அரங்கம். லெட் செப்பெலின் குழுவின் ஜிம்மி பேஜ், எந்த விலையிலும் எந்தக் கிட்டாரும் வாங்கக்கூடிய மனிதர், 'காஷ்மீர்' பாட்டுக்கு ஒரு கறுப்பு டேன்எலக்ட்ரோவைத் தோளில் மாட்டிக்கொண்டார். தந்திகளை வழக்கமான சுருதியை விட்டு வேறு சுருதிக்குத் தளர்த்தியிருந்தார். அட்டைப் பலகை, லிப்ஸ்டிக் குழாய், மரத்துண்டுக் குதிரை. அந்தப் பாட்டின் கனத்தை அத்தனையும் தாங்கின.

அது பணம் இல்லாதவன் எடுத்த முடிவு அல்ல. காதுக்காக எடுத்த முடிவு.

இங்கேதான் கதை தலைகீழாகிறது. வினைல் பட்டை, இரும்புக் கழுத்து, பளபளக்கும் குழாய் எல்லாம் நாட் டேனியலுக்குச் செலவுப் பட்டியலின் வரிகள். பார்த்தவர்களுக்கோ அவை ஒரு முகம். சந்தையில் ஆயிரம் கிட்டார்கள் ஸ்ட்ராட்டோகாஸ்டரைப் போலவே வர ஆரம்பித்த பிறகு, எதைப் போலவும் இல்லாத அந்த முகத்தைத் தேட ஆரம்பித்தார்கள். நாட் டேனியல் 1994 டிசம்பரில் ஹவாயின் ஹொனலூலுவில் காலமானார். பெயர்ப்பலகை அப்போதும் தூங்கிக்கொண்டிருந்தது.

சில வருடங்களில் எவெட்ஸ் என்ற கம்பெனி அந்தப் பெயரை வாங்கியது. கொரியாவில் பழைய கிட்டார்களை மறுபடி செய்யத் தொடங்கியது. மேசனைட், வினைல் பட்டை, குழாய் எல்லாம் அப்படியே வேண்டும் என்றார்கள். ஆனால் மிச்சம் பிடிப்பதற்காகப் பிறந்த அந்தக் குழாயை இப்போது கிட்டாருக்கென்றே வரவழைத்து, காசு கொடுத்து, பழையது போலத் தெரியவைக்க வேண்டும்.

செலவைக் குறைக்க ஒருவர் செய்த கிட்டாரை, செலவழித்து நகலெடுத்தால் நடு நிலையில் அந்தப் பழைய கனம் திரும்ப வருமா?

(அடுத்த வாரம்)